மில்லிமீட்டர் மாப்பிள்ளையும் மூன்றாவது சீட்டும்

என் தங்கையின் கணவரை எங்கள் வீட்டில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நேரில் ‘மாப்பிள்ளை’, தலை மறைந்ததும் ‘மில்லிமீட்டர்’. இது அவருக்கும் தெரியும். ஒருநாள் அவரே சொன்னார்: “இதுல ஒண்ணும் தப்பில்ல மச்சான். சென்டிமீட்டர்னு வெச்சிருந்தீங்கன்னாத்தான் எனக்கு அவமானம்.”

சமையலறை அலமாரிகள் செய்து பொருத்துவது அவர் தொழில். இடுப்பில் எப்போதும் ஒரு இரும்பு டேப் தொங்கும். குளிக்கும்போதுகூட அதைக் கழற்ற மாட்டார் என்று நான் சொல்வேன். இல்லை, குளியலறைக்கு வெளியே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போவார் என்று தங்கை திருத்துவாள். முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, தண்ணீர் குடித்துக்கொண்டே கூடத்து ஜன்னலைப் பார்த்தார். “இடது பக்கம் மூணு மில்லி இறங்கியிருக்கு” என்றார். அந்த ஜன்னலை வைத்தது எங்கள் அப்பா. அதற்குப் பிறகு அப்பா அவரோடு முகம் கொடுத்துப் பேச ஒன்றரை மாதம் ஆனது. தங்கையின் பெரியவள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் குழந்தையின் நீளம் ஐம்பது சென்டிமீட்டர் என்று எழுதினார்கள். இவர் யாரும் பார்க்காத நேரத்தில் தானே அளந்து, கீழே ‘49.6’ என்று பென்சிலால் எழுதிவிட்டு வந்தார்.

‘கொஞ்சம்’, ‘நிறைய’, ‘சுமார்’ ஆகிய மூன்று சொற்களும் அவருக்குக் கெட்ட வார்த்தைகள். தேநீருக்குக் கொஞ்சம் சர்க்கரை போதும் என்று நான் சொன்னால், “எத்தனை கரண்டி மச்சான்?” என்பார். நானோ நகரப் பேருந்து ஓட்டுகிறவன். காலையில் எள் போட்டால் எள் விழாத கூட்டத்தை வைத்துக்கொண்டு, “உள்ள போங்க, உள்ள போங்க, நிறைய இடம் இருக்கு!” என்று கத்துவதுதான் என் பிழைப்பு. அந்தச் சத்தத்தைக் கேட்டாலே அவருக்கு உடம்பு கூசும். “இப்படிப் பொய் சொல்றதுக்கு உங்களுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா?” என்று கேட்பார். அவர் அப்படி, நான் இப்படி. எங்களுக்குள் பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

ஆனால் தொழிலில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அலமாரி பொருத்தி முடித்ததும், வீட்டுக்கார அம்மாவை அழைத்து ஒவ்வொரு தட்டிலும் கையை விட்டுப் பார்க்கச் சொல்வார். “சாமான் உள்ள போனா மட்டும் போதாதும்மா, கையும் போகணும். கை போகாத அலமாரி அலமாரி இல்ல” என்பார். அந்த வசனத்தை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

இப்போது சங்கதிக்கு வருகிறேன்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அறுவை அரங்கில் வேலை செய்வதற்கான ஒன்பது மாதப் பயிற்சி ஒன்று வேறு ஊரில் நடக்கிறது. அதற்கு ஆறு வருஷமாக விண்ணப்பம் போட்டுப் போட்டு, இந்த வருஷம்தான் இடம் கிடைத்தது. கடிதம் வந்த அன்று அவள் அதை மூன்று தடவை படித்தாள், நான்காவது தடவை எனக்குப் படித்துக் காட்டினாள். வாராவாரம் சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிடலாம். எல்லாம் சரி. எங்கள் ஏழு வயது மகளைக் காலையில் பள்ளிக்கூடத்தில் யார் விடுவது? நான் ஐந்து மணிக்கே டெப்போவில் இருக்க வேண்டும். ஷிப்ட் மாற்றக் கேட்டேன். மேலாளர் சுவரில் தொங்கிய பட்டியலைக் காட்டிவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். தினமும் ஆயிரம் பேரை ஏற்றி இறக்குகிறவனுக்குத் தன் ஒரே மகளைக் கொண்டுபோய் விட வழியில்லை.

“இதுக்குப் போயா இவ்வளவு யோசனை?” என்றாள் தங்கை. “எங்க ரெண்டும் அதே ஸ்கூலுக்குத்தான் போகுது. இவர் கார்ல கொண்டுபோய் விடுறார். ரெண்டோட மூணா அவளும் போகட்டும்.”

நாங்கள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டோம். மாப்பிள்ளை மட்டும் விடவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். கணக்குப் போடுகிறார் என்று அர்த்தம்.

அவர் கார் சின்னது, ஒல்லியானது. எங்கள் ஊர் விதிப்படி அந்த உயரத்துப் பிள்ளைகள், உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் சீட் இல்லாமல் காரில் போகக் கூடாது. முன்சீட்டிலும் உட்காரக் கூடாது. பெல்ட் பெரியவர்களுக்காகச் செய்தது. பிள்ளையைத் தூக்கி உட்காரவைக்காவிட்டால் அது கழுத்தை அறுக்கும், வயிற்றில் ஏறும். பள்ளி வாசலில் நிற்கும் காவலாளி அம்மா கார் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து சீட்டை எண்ணிவிட்டுத்தான் கதவைத் திறப்பார். இரண்டு நடை போய் வரலாமென்றால், எட்டு மணிக்கு மாப்பிள்ளை ஏதாவது ஒரு சமையலறையில் நிற்க வேண்டும்.

“பின்சீட் ஆயிரத்து இருநூத்து முப்பத்தெட்டு மில்லி” என்று கண்ணைத் திறந்தார். “இப்ப இருக்கிற ரெண்டு பூஸ்டரும் கை வைக்கிற பிடியோட நானூத்து எழுபது, நானூத்து எழுபது. மிச்சம் இருநூத்து தொண்ணூத்தெட்டு. அதுல பூனைதான் உக்காரும்.”

“கொஞ்சம் நெருக்கி உக்காந்தா போச்சு” என்றேன் நான். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அதன் பிறகு இரண்டு வாரம் அந்த மனிதர் வேறு எதையும் நினைக்கவில்லை. கடை கடையாக ஏறி இறங்கினார். கடைசியில் ஊர்க்கோடியில், குழந்தைச் சாமான்கள் மட்டும் விற்கும் ஒரு பெரிய கடையைப் பிடித்தார். அங்கே நானும் கூடப் போனேன். தலைமுடியில் பேனாவைச் செருகியிருந்த ஒரு விற்பனைப் பெண் எங்களிடம் வந்தார். மாப்பிள்ளை தரையில் மண்டி போட்டு ஒவ்வொரு சீட்டாக அளந்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். பெட்டியில் போட்டிருந்த அகலம் அடிப்பாகத்துக்குத்தானாம். பிடி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைச் சொல்லவில்லையாம். “இது மோசடிம்மா” என்றார்.

“சார், இதெல்லாம் அளந்து வாங்குற சாமான் இல்ல” என்றார் அந்தப் பெண் பொறுமையாக. “காரையும் பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க. வெச்சு, உக்கார வெச்சு, பெல்ட் போட்டுப் பாத்துட்டு வாங்கிக்கலாம்.”

“பிள்ளைங்க ஆடுவாங்கம்மா. அளவு ஆடாது” என்றார் மாப்பிள்ளை.

விதி யாரை விட்டது!

வீட்டுக்கு வந்து என்ன செய்தார் தெரியுமா? பட்டறையில் உட்கார்ந்து, நோட்டில் இருந்த அளவுக்கு ஒட்டுப்பலகையில் மூன்று பெட்டிகள் செய்தார், ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து. மூன்று பலகைப் பிள்ளைகளையும் காரில் ஏற்றி, கதவைச் சாத்தி, தெருவை இரண்டு சுற்று சுற்றிவந்தார். எதிர்வீட்டுக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, “என்ன, பலகைக்கெல்லாம் பெல்ட் போட மாட்டீங்களா?” என்று கேட்டாராம். மாப்பிள்ளை அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டார். அந்த ஆள் சொன்னதை அன்றே காதில் வாங்கியிருந்தால் எனக்கு இந்தக் கதையே கிடைத்திருக்காது.

சனிக்கிழமை மூன்று பூஸ்டர் வந்து இறங்கின. இரண்டு முதுகில்லாதவை. தங்கையின் நாலரை வயதுப் பையனுக்கு முதுகு வைத்தது. ஒவ்வொன்றும் நானூற்றுப் பத்து மில்லி. “மூணும் சேர்ந்து ஆயிரத்து இருநூத்து முப்பது. மிச்சம் எட்டு மில்லி. நாலு இடைவெளி, ஆளுக்கு ரெண்டு மில்லி” என்று சொல்லிவிட்டு, சுற்றி நின்ற எங்களை ஒரு பார்வை பார்த்தார். கைதட்டுவோம் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. தட்டினோம்.

ஞாயிறு மத்தியானம் மாப்பிள்ளை வீட்டு வாசலில் ஒத்திகை. மறுநாள் காலை ரயிலுக்கு என் மனைவியின் பெட்டி ஏற்கனவே தயாராகி எங்கள் வீட்டு நடையில் நின்றது. மூன்று சீட்டும் உள்ளே போயின. கதவு ‘டப்’ என்று அழகாகச் சாத்திக்கொண்டது. தங்கை வாயைப் பிளந்தாள். நான்கூட மனதுக்குள், இந்த ஆள் கெட்டிக்காரன்தான் என்று ஒத்துக்கொண்டேன்.

பிறகு பிள்ளைகள் ஏறினார்கள். ஓரத்தில் அவருடைய எட்டு வயது மகள், நடுவில் என் மகள், அந்தப் பக்கம் பையன். பெல்ட்டை இழுத்தார்கள். இழுத்த பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் விழித்தார்கள்.

“பக்கிள் எங்கப்பா?” என்றாள் பெரியவள்.

பெல்ட்டை மாட்டும் பக்கிள் எங்கே இருக்கும்? இரண்டு மில்லி இடைவெளிக்கு அடியில், இரண்டு சீட்டுக்கும் நடுவே, பாதாளத்தில் இருந்தது.

“ஒண்ணுமில்ல, நான் எடுக்கிறேன்” என்று மாப்பிள்ளை தன் மகளின் மடிமேல் குனிந்து, நடுவே கையைச் செருகினார். விரல் போனது. உள்ளங்கை போனது. மணிக்கட்டும் போனது. “கிடைச்சிருச்சு!” என்றார். இழுத்தார். கை வெளியே வரவில்லை.

“பக்கிளை விடுங்க, கை வந்துடும்” என்றாள் தங்கை.

“விட்டா மறுபடி உள்ள போயிடும்.”

“அதுக்காக? நாளைக்கு இப்படியே வேலைக்குப் போவீங்களா?”

அவர் பக்கிளை விட்டார். அப்போதும் கை வரவில்லை, கடிகாரம் மாட்டிக்கொண்டது. பாதி உடம்பு காருக்குள், பாதி வெளியே. இடுப்பில் டேப் டங் டங் என்று கதவில் இடித்தது. அவருக்கு அடியில் மகள், “அப்பா, மூச்சு முட்டுது” என்று கத்தினாள். பையனுக்கு அந்த நேரம் பார்த்துதான் பாத்ரூம் வந்தது. எதிர்வீட்டுக்காரர் வேலிக்கு மேலே தலை நீட்டி, “சோப்புத் தண்ணி கொண்டு வரட்டுமா?” என்றார். கொண்டும் வந்தார். நான் உதவி செய்ய வேண்டியவன். சிரித்துச் சிரித்து நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? அதுவும் இல்லை. “மாப்ளே, சாமான் போனா மட்டும் போதாது, கையும் போகணும்!” என்று கத்தினேன். ஊருக்குத்தான் உபதேசம் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

என் மனைவிதான் போய், நோயாளியிடம் பேசுவதுபோல, “கையை லூசா விடுங்க அண்ணே. மூச்சை இழுத்து மெதுவா விடுங்க” என்று சொல்லி, சோப்பு நுரையோடு கையை உருவி எடுத்தாள். எடுத்துவிட்டு, அந்த மூன்று சீட்டையும் ஒரு நிமிஷம் பார்த்தாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“பரவாயில்ல. அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பம் போட்டுக்கலாம்” என்றாள்.

என் சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்த வருஷம் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சத்தமே இல்லாமல் அவள் சொன்னதுதான் என்னை அறுத்தது. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

அப்போது என் மகள் காரிலிருந்து இறங்கி வந்து, “மாமா, நான் வேணா டிக்கில உக்காந்துக்கறேன். அங்க பெல்ட்டே வேணாம்ல?” என்று கேட்டாள்.

மாப்பிள்ளை வாசல்படியில் உட்கார்ந்து, சிவந்துபோன தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோற்று நான் பார்த்ததில்லை. பார்க்க நன்றாகவும் இல்லை. திடீரென்று எழுந்து பட்டறைக்குப் போய் ஒரு அரத்தை எடுத்து வந்தார். சீட்டின் ஓரத்தைச் சீவப் போகிறாராம்.

என் மனைவி குறுக்கே நின்றாள். “அண்ணே, ஒரு மோதல்ல பிள்ளையைக் காப்பாத்துறதுக்குன்னு சோதனை பண்ணிச் செஞ்சது இது. சீவினீங்கன்னா சீட்டு இல்ல, விறகு. நானே நாளைக்குப் போகல, போதுமா?”

“கடை எத்தனை மணி வரைக்கும்?” என்றார் மாப்பிள்ளை, அரத்தைக் கீழே வைத்துவிட்டு.

“ஆறு” என்றேன். மணி நாலே முக்கால்.

பழைய இரண்டு பூஸ்டரைப் பின்னால் போட்டுத் தங்கையையும் பிள்ளைகளையும் மாப்பிள்ளை ஏற்றிக்கொண்டார். நானும் மனைவியும் மகளும் பேருந்தில் போனோம். ஓட்டியவர் என் டெப்போக்காரர். காரணத்தைச் சொன்னதும் மஞ்சள் விளக்கையெல்லாம் பச்சை என்று எடுத்துக்கொண்டார். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

கடை வாசலில் விற்பனைப் பெண் எங்களைப் பார்த்ததும், “ஆடாத அளவு சார்தானே?” என்றார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

“பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்திருக்கேம்மா” என்றார். பள்ளிக்கூடத்துக்குப் பெற்றோரைக் கூட்டிவந்த மாணவன் குரல் அது.

அந்தப் பெண் நோட்டைக் கேட்கவில்லை. டேப்பைக் கேட்கவில்லை. கார் நிறுத்துமிடத்துக்கு ஒரு தள்ளுவண்டி நிறைய சீட்டுகளைத் தள்ளிக்கொண்டு வந்தார். “எங்கிட்ட ஒரே ஒரு சோதனைதான். முதுகு நல்லா ஒட்டி உக்காரணும். பெல்ட் தோள்ல வரணும், இடுப்புல கீழ வரணும். அப்புறம் பிள்ளை தானா பக்கிளைப் போடணும், தானா கழட்டணும். மூணு தடவை. பெரியவங்க கை உள்ள போகக் கூடாது” என்றார். கடைசி வாக்கியத்தை மாப்பிள்ளையின் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஒன்றை வைத்தார்கள், எடுத்தார்கள். பையனை நடுவில் போட்டார்கள். அவன் சீட்டின் முதுகு இரண்டு பக்கமும் அக்காக்களின் தோளை இடித்தது. ஓரத்துக்கு மாற்றினார்கள். பெரியவளுக்குப் பக்கிள் போட வந்தது, கழட்ட வரவில்லை. இன்னொன்று. அதில் முட்டி மடியவில்லை. கடைக்குள் பாதி விளக்கை அணைத்துவிட்டார்கள். ஐந்து ஐம்பது. மாப்பிள்ளையின் கை இரண்டு தடவை இடுப்புக்குப் போனது, இரண்டு தடவையும் தங்கை அதைத் தட்டிவிட்டாள்.

“இன்னும் ஒரு மாடல் இருக்கு” என்றார் அந்தப் பெண் தயக்கத்தோடு. “ரொம்ப ஒல்லி. பக்கத்துல பிடி கிடையாது. ஆனா யாரும் வாங்க மாட்டேங்கறாங்க.”

ஏன் வாங்கவில்லை என்று பார்த்ததும் புரிந்தது. பச்சைத் தவளை. முன்பக்கம் இரண்டு முட்டைக் கண், நடுவில் காது வரை நீண்ட வாய்.

“முடியாது” என்றாள் தங்கை மகள். “எனக்கு எட்டு வயசு. தவளை மேல உக்காந்து ஸ்கூலுக்குப் போனேன்னா அப்புறம் நான் அங்க எப்படி மூஞ்சி காட்டுறது?”

“உக்காந்தா கால் தொங்கும். கால் தொங்கினா கண்ணு மறைஞ்சிடும். வாய் மட்டும்தான் தெரியும்” என்றாள் என் மகள். “அதுவும் காலைச் சேர்த்து வெச்சா தெரியாது.”

பெரியவள் யோசித்தாள். அத்தை ரயிலுக்குப் போவதா வேண்டாமா என்பது தன் கௌரவத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும். ஏறிக் காலைச் சேர்த்து வைத்துக்கொண்டாள். இரண்டு தவளை, ஒரு முதுகு வைத்த சீட்டு. நடுவில் இன்னொரு தவளை மேல் என் மகள்.

“போடுங்க” என்றார் விற்பனைப் பெண்.

க்ளிக். க்ளிக். பையன் நாக்கைத் துருத்திக்கொண்டு தேடினான், தேடினான். நாங்கள் ஐந்து பெரியவர்கள் மூச்சு விடாமல் நின்றோம். க்ளிக்.

“கழட்டுங்க.” கழட்டினார்கள். “போடுங்க.” போட்டார்கள். மூன்றாவது தடவை பையன் தன்னுடையதைப் போட்டுவிட்டு, “நான்தான் ஃபர்ஸ்ட்டு!” என்று கத்தினான். உண்மையில் அவன்தான் கடைசி, யாரும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். சீட்டுகளுக்கு நடுவே இப்போது தாராளமாக இடம் தெரிந்தது. பதினோரு வருஷத்தில் இந்த மனிதர் கண்ணெதிரே இப்படி ஒரு இடைவெளியை விட்டுவைத்து நான் பார்த்ததில்லை. இனி அளப்பார், அளந்துவிட்டு ஏதாவது குறை சொல்வார் என்று நினைத்தேன்.

என் மகள் நடுவிலிருந்து அவரை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு வாரமாக அந்த வீட்டில் காதில் விழுந்ததெல்லாம் அவளுக்குள் போயிருக்கிறது. பெரிய மனுஷிபோல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்:

“மாமா, எனக்கு எத்தனை மில்லி இடம் இருக்கு?”

டேப் அவர் இடுப்பில்தான் தொங்கியது. தங்கைகூட இந்தத் தடவை கையைத் தட்டிவிடத் தயாராக இல்லை. அவர் அதைத் தொடவில்லை.

“நிறைய இருக்குடா கண்ணு” என்றார். “நிறைய.”

என் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, காலை ரயில் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டாள். அவளுக்கு அது மனப்பாடம்.